ரொட்டிப் பூசணம் தந்த மருந்து

ஈரம்பட்ட ரொட்டித் துண்டைச் சில நாள் மூடி வைத்தால், அதன்மேல் பஞ்சுபோல் பூசணம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி வளரும் பூசணங்களுள் ஒன்று ரைசோபஸ். வேதியியல் அறிஞர்களைத் திணறடித்த ஒரு வேலையை இது ஒரே படியில் செய்து முடித்தது என்றால் நம்புவீர்களா?

1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் ஹென்ச் கார்ட்டிசோன் என்னும் ஹார்மோனை ஊசி மூலம் செலுத்தினார். ஒரு வாரத்திற்குள் அவர் எழுந்து நடந்தார்! ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க மருந்து எங்கே? மாட்டின் பித்தநீரிலிருந்து எடுத்த பொருளை 30-க்கும் மேற்பட்ட படிகளில் மாற்றித்தான் அதைத் தயாரிக்க முடிந்தது. 1949-இல் ஒரு கிராமின் விலை 200 டாலர்.

ஏன் இத்தனை படிகள்? கார்ட்டிசோன் ஒரு ஸ்டிராய்டு. நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு அது. அதன் 11-ஆம் கார்பனில் ஓர் ஆக்ஸிஜன் அணு இருந்தாக வேண்டும். பித்தநீர்ப் பொருளிலோ அது 12-ஆம் கார்பனில் இருந்தது. அதைப் பக்கத்து இடத்திற்கு மாற்றுவதுதான் பெரும்பாடு.

1952-இல் பீட்டர்சன், மர்ரே என்ற இரு அறிஞர்கள் வேறு வழி கண்டனர். மெக்சிகோ நாட்டுக் காட்டுவள்ளிக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஸ்டிராய்டைத் தயாரிக்கும் முறை முன்பே தெரிந்திருந்தது. அதை ரைசோபஸ் வளரும் திரவத்தில் இட்டார்கள். பூசணம் 11-ஆம் கார்பனிலேயே ஆக்ஸிஜனைச் சேர்த்துவிட்டது!

இந்தத் திறமை எங்கிருந்து வந்தது? பூசணத்தின் நொதியிலிருந்துதான். பூட்டுக்குள் சாவி ஒரே விதமாகத்தான் நுழையும் அல்லவா? அதுபோல ஸ்டிராய்டு மூலக்கூறு நொதியின் குழிவில் ஒரு குறிப்பிட்ட நிலையில் பொருந்துகிறது. அப்போது 11-ஆம் கார்பன் மட்டுமே நொதியின் செயல்முனைக்கு எட்டுகிறது.

கிழங்கு மட்டும்தான் மூலப்பொருள் என்பதில்லை. நம் ஊர்த் தரிசு நிலங்களில் முட்களோடு படர்ந்திருக்கும் கண்டங்கத்தரியை நீங்கள் அறிவீர்கள். அதன் காயில் சோலசோடின் என்ற ஆல்கலாய்டு உள்ளது. இதுவும் ஸ்டிராய்டு வளையங்களைக் கொண்டதே. கூடவே நைட்ரஜனும் இருக்கும். நைட்ரஜன் உள்ள பகுதியை வேதியியல் முறையில் நீக்கினால், மீதியிலிருந்து புரோஜெஸ்டிரோன் தயாரிக்கலாம். பிறகு இருக்கவே இருக்கிறது பூசணம்!

பாக்டீரியாக்களும் சளைத்தவை அல்ல. கார்ட்டிசோனின் உறவுப் பொருளான கார்ட்டிசாலிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை ஒரு பாக்டீரியா நீக்கியதும், அதைவிட வீரியமுள்ள பிரட்னிசலோன் கிடைத்தது. 1955-இல் அறிமுகமான இம்மருந்தை ஆஸ்துமா போன்ற நோய்களுக்கு மருத்துவர்கள் இன்றும் தருகிறார்கள்.

1980-க்குள் கார்ட்டிசோன் ஒரு கிராம் ஒரு டாலருக்கும் கீழே வந்துவிட்டது. சிலருக்கே எட்டிய மருந்து பலருக்கும் கிடைக்க, ரொட்டியைக் கெடுக்கும் பூசணமும் கைகொடுத்தது.