உழைக்கும் காலும் உறுதியான பூட்ஸும்

பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் ஒரு காட்சியைப் பெரும்பாலும் காணலாம். வாசற்படிக்கு வெளியே, மழைச் சாரலும் பனியும் படும் இடத்தில், கனத்த தோல் பூட்ஸ் ஒரு ஜோடி கிடக்கும். வீட்டுக்குள்ளே பித்தளைக் குடமும் எவர்சில்வர் பாத்திரமும் பளபளவென்று துலக்கி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பூட்ஸை மட்டும் எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காலில் அணிவதுதானே என்னும் அலட்சியம் ஒரு புறம். செருப்பு வீட்டுக்குள் வரலாகாது என்னும் பழக்கம் மறுபுறம். ஆனால் அந்த வீட்டின் அரிசியும் பருப்பும் அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடந்து சம்பாதித்தவையே.

நான் ஒரு ரயில்வே குமாஸ்தா. மெட்ரிகுலேஷன் வரையில் படித்தவன். மருத்துவனும் அல்லன், தோல் வியாபாரியும் அல்லன். இப்பொருள் பற்றி எழுத எனக்குள்ள தகுதிகள் இரண்டே. ஒன்று, என் தந்தையார் இருப்புப் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் பணிபுரிந்து, சரளைக் கற்களின்மேல் நாள்தோறும் மைல் கணக்கில் நடந்தவர். அவர் தம் பூட்ஸைப் பேணிய விதத்தைச் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். மற்றொன்று, அவ்வளவும் கண்டிருந்தும் நான் செய்த ஒரு பிழை. அதை முதலில் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் என் துணைவியின் தம்பியை ஊரிலிருந்து வரவழைத்து, ஓர் ஒப்பந்தக்காரரிடம் இரும்புச் சட்டங்களை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். இருபது வயதுப் பிள்ளை. வயற்காட்டில் வெறுங்காலுடனும், வெளியே போனால் ரப்பர் செருப்புடனும் வளர்ந்தவன். முன்புறம் இரும்புத் தொப்பி வைத்த பூட்ஸ் இல்லாவிட்டால் வேலைக்கு உள்ளே விடமாட்டார்கள் என்றார்கள். அவன் ரயிலை விட்டு இறங்குமுன்பே, நடைபாதைக் கடையொன்றில் என் கால் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டேன். அவனும் என் உயரந்தானே என்பது என் கணக்கு. மலிவாக முடிந்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. அவன் அணிந்து பார்த்தான். "சரியாக இருக்கிறதா?" என்றேன். "இருக்கிறது அத்தான்" என்றான். விஷயம் முடிந்தது என்று எண்ணினேன்.

ஒன்பதாம் நாள், துவைக்கப் போட்டிருந்த காலுறையை எடுத்த என் துணைவி அதில் குதிகால் படும் இடத்தில் இரத்தமும் சீழும் காய்ந்திருக்கக் கண்டாள். தம்பியை அழைத்துக் காலைக் காட்டச் சொன்னாள். அவன் மறைத்தான். வற்புறுத்திப் பார்த்தபோது குதிகாலில் தோல் உரிந்து புண் ஆழமாக இறங்கியிருந்தது, சுண்டுவிரல் கறுத்திருந்தது. "ஏனடா சொல்லவில்லை?" என்று அவள் அழுதாள். அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் நிற்கிறது: "பூட்ஸ் என்றால் இப்படித்தான் கடிக்கும் என்று நினைத்தேன், அக்கா. அத்தான் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது. எப்படிச் சொல்வது?"

அன்றிரவே காய்ச்சல் கண்டது. மருத்துவமனை, ஊசி, கட்டு என்று பதினெட்டு நாட்கள் சென்றன. அந்நாட்களுக்குக் கூலி இல்லை. நான் மிச்சம் பிடித்த பணத்தைப்போல் பன்மடங்கு செலவாயிற்று. வேலை போகாமல் தப்பியது அந்த மேஸ்திரியின் நல்ல மனத்தால்தான். பையன் பொய் சொல்லவில்லை. பூட்ஸ் பொருந்துவது என்றால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த நான் அவன் காலைப் பார்க்கவில்லை. நம் குடும்பங்களிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த நிலை நேரலாகாது என்பதற்காகவே இதனை எழுதத் துணிந்தேன்.

அளவு எடுக்கும் முறை

நம் நாட்டில் பெரும்பாலும் வழங்குவது இங்கிலாந்து அளவு முறை. இதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வேறுபாடு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு; அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீட்டர். இந்த நம்பர் பாதத்தின் நீளத்தையே சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை. வெறுங்காலில் நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்புறத்தில் அகன்றிருக்கும் என்பது நாம் கண்கூடாகக் காண்பது. நம் நாட்டில் வெறுங்காலில் நடப்போரின் பாதங்களை அளந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியும் அதனையே உறுதி செய்தது. ஆகவே நகரத்துக் காலுக்குப் பொருந்தும் எட்டாம் நம்பர் கிராமத்துக் காலுக்குப் பொருந்தாமற் போகலாம்.

அணியப் போகிறவரே கடைக்குச் செல்ல வேண்டும். அது இயலாவிடில், வெள்ளைத் தாளின்மேல் அவரை நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து கொண்டு செல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் வரையலாகாது. உடலின் பாரம் ஏறும்போதுதான் பாதம் தன் முழு அளவுக்கு விரியும். பலருக்கு இரண்டு பாதங்களும் சமமாயிரா. பெரிய பாதத்துக்கே பூட்ஸ் வாங்க வேண்டும். பகல் முழுதும் நின்றும் நடந்தும் உழைத்தவர் கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். எனவே மாலையில் வாங்குவதே நலம். வேலைக்கு அணியும் அதே கனமான காலுறையுடன் போட்டுப் பார்க்க வேண்டும்.

நின்ற நிலையில், நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு, அதாவது சுமார் அரை அங்குலம், இடம் இருக்க வேண்டும். விரல்களைப் பக்கவாட்டில் அசைக்க முடிய வேண்டும். நடக்கும்போது குதிகால் மேலெழுந்து உராயக் கூடாது. கடைக்காரர், "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்பார். தோல் ஓரளவு தளரும் என்பது மெய். ஆனால் முன்புறத்து இரும்புத் தொப்பி ஒருநாளும் தளராது. அவ்விடத்தில் கடையிலேயே இறுக்கினால், எத்தனை மாதம் அணிந்தாலும் இறுக்கிக்கொண்டேயிருக்கும். என் மைத்துனனின் சுண்டுவிரல் கறுத்தது இதனாலேதான்.

தோலும் அடிப்பாகமும்

தோல் பதனிடும் தொழில் நமக்கு அந்நியமானதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம் மாவட்டங்களின் பழைய தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோலுக்குப் பெயர் பெற்றவை. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது. மும்பையின் தாராவியில் தோல் தொழிலை வளர்த்தவர்களுள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர்களும் உண்டு. இத்தொழிலைச் செய்வோரை இழிவாக எண்ணிய காலமும் மனமும் ஒழிய வேண்டும். அவர்கள் கைவேலை இல்லையேல் நம் கால்களுக்குக் காவல் இல்லை.

இன்று பூட்ஸின் மேற்பாகத்துக்குப் பெரும்பாலும் குரோமிய உப்பினால் பதனிட்ட தோலையே பயன்படுத்துகிறார்கள். அது மிருதுவானது, நீரையும் வெப்பத்தையும் ஓரளவு தாங்குவது. நல்ல தோலை மடக்கினால் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விட்டதும் மறையும். மயிர்க்கால்கள் ஒழுங்கின்றி அமைந்திருக்கும். மேல்தோலை நீக்கிய அடித்தோலின்மேல் பூச்சுப் பூசி அச்சடித்து விற்பதும் உண்டு. அதன் வரிகள் எங்கும் ஒரே சீராக இருக்கும். மடிக்கும் இடத்தில் பூச்சு நாளடைவில் வெடிக்கும்.

அடிப்பாகத்தை வேலைக்குத் தக்கவாறு தேர்ந்தெடுக்க வேண்டும். பாலியூரிதேன் என்னும் பொருளால் செய்தது இலேசானது. நெடுநேரம் நிற்போருக்கு இதமானது. ஆயினும் ஈரக் காற்றில் பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்தால், அணியாமலேயே பொடிந்துபோகும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய சரக்கை வாங்காதீர்கள். உலைக்கூடம், சூடான இரும்பு, எண்ணெய் ஆகியவற்றினிடையே உழைப்போருக்கு நைட்ரைல் ரப்பர் அடிப்பாகமே உகந்தது. சிமெண்டுக் கலவையில் நிற்போர் தோல் பூட்ஸை நம்பலாகாது. ஈரச் சிமெண்டின் காரம் தோலையும் அரிக்கும், காலையும் புண்ணாக்கும். அவர்களுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸே வேண்டும்.

இரும்புத் தொப்பியுள்ள பூட்ஸில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 15298 என்னும் எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அதன் இரண்டாம் பாகத்தின்படி, தொப்பியானது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள பொருள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் ஆற்றல் ஏறக்குறைய அது. ஒரு முறை கனமான பொருள் விழுந்து அடிபட்ட பூட்ஸை, வெளியே பழுது தெரியாவிட்டாலும், மீண்டும் அணியலாகாது. அடுத்த அடியை அது தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

பழக்குதலும் பேணுதலும்

புதுப் பூட்ஸுடன் முதல் நாளே எட்டு மணி நேரம் உழைக்கச் செல்வது தவறு. ஒரு வாரம் வீட்டில் நாளுக்கு ஒரு மணி, இரண்டு மணி என்று அணிந்து பழக வேண்டும். நாடாவைக் கட்டுமுன் குதிகாலைப் பின்புறம் நன்றாகத் தட்டி அமர்த்த வேண்டும். எங்கேனும் தோல் சிவந்தால் அன்றே கவனிக்க வேண்டும். நாள்தோறும் துவைத்துக் காய்ந்த காலுறை வேண்டும். ஈரக் காலுறையே பாதிப் புண்ணுக்குக் காரணம்.

என் தந்தையார் ஞாயிறு மாலையைப் பூட்ஸுக்கென்றே ஒதுக்கியிருந்தார். நாடாவைக் கழற்றுவார், பிரஷினால் மண்ணைத் தட்டுவார், ஈரத் துணியால் துடைப்பார், நிழலில் உலர்ந்தபின் மெழுகுப் பாலிஷைச் சிறிதளவு எடுத்துத் தையல்களின் ஓரமெல்லாம் தேய்ப்பார். மழையில் நனைந்து வந்த நாளில் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஓரிரு மணிக்கொருமுறை மாற்றுவார். ஒருமுறை என் அன்னையார் அவசரத்துக்கு அடுப்பின் அருகில் வைத்துவிட்டபோது, "வெந்த தோல் பிறகு வளையாது" என்று எடுத்து வைத்தார். அது முற்றும் உண்மை. கடும் வெப்பத்தில் தோல் விறைத்து, மடியும் இடத்தில் வெடித்துவிடும். உச்சி வெயிலும் அவ்வாறே. நிழலும் காற்றுமே போதும்.

நம்மவர் சிலர் தேங்காயெண்ணெய் தடவுவதுண்டு. வடநாட்டுக் குளிரில் அது உறைந்துவிடும். நாள்பட்டால் சிக்கு வாடை வீசும். தோல் மிகவும் வறண்டிருந்தால் விளக்கெண்ணெயைத் துணியில் தொட்டு மிகச் சிறிதளவே தடவலாம். அதிகமானால் தோல் தொளதொளத்து வடிவம் கெடும். குதிகாலின் ஓரம் தேயத் தொடங்கியவுடனே, ரப்பர் வைத்துத் தைக்கக்கூடிய பூட்ஸாயின், தெருவில் அமர்ந்திருக்கும் மோச்சியிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் தேய்ந்த பூட்ஸ் கணுக்காலையும் முழங்காலையும் கோணலாக்கும்.

இல்லத்தரசியர்க்கு ஒரு வேண்டுகோள். பூட்ஸை வீதியோரத்தில் விடாமல், கதவுக்கு உட்புறம் ஒரு பலகையோ தட்டோ போட்டு அதற்கென்று ஓரிடம் கொடுங்கள். வெளியே கிடந்த பூட்ஸுக்குள் தேள் புகுவது புதிதன்று. அணியுமுன் தலைகீழாகத் தட்டுவது எல்லோருக்கும் நல்ல பழக்கம். நீரிழிவு உள்ளவர் பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்த பின்னரே அணிய வேண்டும். உணர்ச்சி குன்றிய காலில் சிறு கல்லோ ஆணி நுனியோ குத்தியிருப்பது தெரியாமலேயே புண் புரையோடிவிடும்.

ஆயுத பூசையன்று சுத்தியலுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்குகிறோம். அந்த வாரத்தில் வீட்டிலுள்ள பூட்ஸ்களையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துத் தைக்க வேண்டியதைத் தைப்போம். கழிக்க வேண்டியதைக் கழிப்போம்.

என் மைத்துனன் இப்போது அதே தொழிலில் தேறிவிட்டான். குதிகாலில் தழும்பு மட்டும் இருக்கிறது. சென்ற மாதம் எங்கள் ஊர்ப்பையன் ஒருவன் புதிதாக வந்து சேர்ந்தான். அவனை உட்கார வைத்து, "சரியாக இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். காலுறையைக் கழற்று; காலைக் காட்டு" என்றான் மைத்துனன். நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான். அன்பர்களே, உங்கள் பொறுப்பில் வந்திருக்கும் பிள்ளை எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். மரியாதை அவன் வாயைக் கட்டியிருக்கும். முதல் இரண்டு வாரம், இரவுச் சாப்பாட்டுக்குமுன் அவன் கால்களை நீங்களே பாருங்கள்.