முத்துக்குளித்துறையின் எதிர்க்கரை

தூத்துக்குடியிலிருந்து மன்னார் வளைகுடாவைக் கடந்தால் எட்டும் இலங்கை, 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புடைய, தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதியளவான தீவு நாடாகும். அதன் நடுவே 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுறுதாலகாலையைச் சிகரமாகக் கொண்டு எழும் மலைநாடு தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுப்பதால், தென்மேற்கில் மழை மிகுந்த ஈரவலயமும், வடக்கிலும் கிழக்கிலும் குளங்களை நம்பி உழவு நடக்கும் உலர்வலயமும் அமைந்துள்ளன.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 2 கோடியே 3 லட்சம் மக்களில் நான்கில் மூன்று பங்கினர் சிங்களவர். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தர். வடக்கிலும் கிழக்கிலும் தொன்றுதொட்டு வாழும் இலங்கைத் தமிழர் 11 விழுக்காட்டினர். சோனகர் எனப்படும் முஸ்லிம்கள் 9 விழுக்காட்டினர். 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய சட்டம் வளர்த்த பிளவு, 1983 முதல் 2009 வரை நீண்ட போரில் முடிந்தது.

இலங்கை, தமிழகம் என்ற இரு கரை மக்களையும் கடல் பிரித்ததைவிடச் சேர்த்ததே அதிகம். மன்னாரை அடுத்த அரிப்பு, சிலாவத்துறைப் பகுதியின் முத்துப் பார்களில், அதாவது சிப்பிகள் செறிந்த கடலடித் திட்டுகளில், தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் குளித்தனர். கொழும்பில் குடியேறிய பரதவர் இன்றும் பரதர் என்ற தனிச் சமூகமாக அறியப்படுகின்றனர். வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் இயங்கியதும் தூத்துக்குடி – கொழும்பு வழியில்தான்.

இதே கடல்வழிகளில் சென்றவர்களுள் மிகுதியாகத் துன்புற்றவர்கள் மலையகத் தமிழரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள், அதாவது ஆள்சேர்த்து வேலைவாங்கிய மேற்பார்வையாளர்கள், தமிழகச் சிற்றூர்களிலிருந்து அவர்களை அழைத்துச் சென்றனர். தீவின் ஏற்றுமதிச் செல்வத்தை உழைத்து உருவாக்கிய அம்மக்களில் பல லட்சம் பேரை, விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோது, அவர்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. இது இரு அரசுகளும் இழைத்த அநீதியே. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிலவுரிமையின்றி வாழும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. இலங்கைத் தமிழரின் துயரைப் பேசும் தமிழகம், தன் ஊர்களிலிருந்தே சென்ற இவர்களின் நில உரிமைக்கும் குரல்கொடுக்க வேண்டும்.