பங்கசுக்களும் இயற்கையில் அவற்றின் தொழிலும்

மாரி தொடங்கியதும் வைக்கோற் போரின் ஓரத்திலும் உக்கிய மரக்குற்றிகளிலும் காளான்கள் முளைப்பதை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். பழைய பாணிற் படரும் பூசணமும், தோலிற் பரவும் படர்தாமரையும், அப்ப மாவைப் பொங்கச்செய்யும் கள்ளிலுள்ள மதுவமும் அக்காளானின் இனத்தனவே என்பதைப் பலர் அறியார். இவை அனைத்தையும் விஞ்ஞானிகள் பங்கசுக்கள் என்பர். இவற்றின் இயல்பையும் தொழிலையும் ஈண்டுச் சுருக்கமாக நோக்குவாம்.

முன்னைய தாவரநூலார் பங்கசுக்களைத் தாவரங்களுள் ஒரு பிரிவாகவே கொண்டனர். ஆயின் இவற்றிற் பச்சையம் இல்லை. ஆதலால், சூரிய ஒளியைக்கொண்டு தமக்குரிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்ள இவற்றால் இயலாது. தாவரக் கலத்தின் சுவர் பெரும்பாலும் செலுலோசாலாயது. பங்கசுக் கலத்தின் சுவரோ, நண்டு, இறால் என்பவற்றின் ஓட்டிலுள்ள கைற்றின் என்னும் பொருளைக் கொண்டது. தாவரங்கள் மாப்பொருளைச் சேமிக்க, பங்கசுக்கள் விலங்குகளைப்போலக் கிளைக்கோசனைச் சேமிக்கின்றன. 1969ஆம் ஆண்டில் விற்றேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து இராச்சியங்களாக வகுத்தபோது பங்கசுக்களுக்குத் தனியோர் இராச்சியத்தை அளித்தார். இவை தாவரங்களினும் விலங்குகளுக்கே நெருங்கிய உறவின என்பது பின்னைய ஆராய்ச்சிகளாற் பெறப்பட்ட உண்மையாகும்.

நமது கண்ணுக்குப் புலனாகும் காளான் பங்கசுவின் முழுவுடலன்று. மாமரத்துக்கு மாங்கனி எத்தகையதோ, பங்கசுவுக்குக் காளான் அத்தகையது. அதிலிருந்தே வித்திகள் உதிர்ந்து காற்றிற் பரவுகின்றன. உண்மையான உடல், மயிரினும் நுண்ணிய இழைகளாய் மண்ணினுள்ளும் மரத்தினுள்ளும் பின்னிக் கிடக்கின்றது. மதுவம் போன்றவை மாத்திரம் தனிக்கலங்களாய் வாழ்வன. நாம் உணவை உட்கொண்ட பின்னரே சமிக்கச்செய்கின்றோம். பங்கசுவோ நொதியங்களை வெளியே சுரந்து, உணவை அங்கேயே கரைத்து, பின்னர் உறிஞ்சுகின்றது. கரைத்து உறிஞ்சும் இவ்வொரு செயலே பங்கசுக்களால் விளையும் நன்மை தீமை இரண்டிற்கும் மூலமாகும்.

முதலில் நன்மையை நோக்குவாம். உதிர்ந்த சருகும் வீழ்ந்த மரமும் உக்காது கிடப்பின், அவற்றிலடங்கிய காபனும் நைதரசனும் பொசுபரசும் மீண்டும் உயிர்களுக்குக் கிட்டா. மரத்துக்கு உறுதியளிக்கும் இலிக்னின் எளிதிற் சிதையாத பொருள். அதனைச் சிதைப்பதில் முதன்மை பெற்றவை பங்கசுக்களே. நமது கமக்காரர் பூவரசங்குழையை வயலிலும் தோட்டத்திலும் தாழ்க்கும்போது, அதனைப் பசளையாக்கும் வேலையைப் பங்கசுக்களும் பற்றீரியாக்களுமே செய்கின்றன. அன்றியும், பெரும்பாலான நிலத்தாவரங்களின் வேர்களோடு பங்கசுக்கள் கூடி வாழ்கின்றன. பங்கசு பொசுபரசையும் நீரையும் தேடிக் கொடுக்க, தாவரம் வெல்லத்தைக் கைம்மாறாகக் கொடுக்கின்றது. இக்கூட்டுக்கு 1885ஆம் ஆண்டிற் பெயரிட்டவர் பிராங்கு என்னும் சேர்மானிய அறிஞர். 1928ஆம் ஆண்டில் அலெச்சாந்தர் பிளெமிங்கு கண்ட பெனிசிலினும் ஒரு பூசணத்தின் கொடையேயாம்.

இனித் தீமையை நோக்குவாம். அதற்கு நமது நாட்டின் வரலாறே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டு இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேற் கோப்பி நடப்பட்டது. 1869ஆம் ஆண்டில் அக்கோப்பி இலைகளின் கீழ்ப்புறத்திற் செம்மஞ்சட் பொடி தோன்றியது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்றிசு அனுப்பிய இலைகளை ஆராய்ந்த பெர்க்கிலி என்னும் ஆங்கில அறிஞர், அது ஒரு புதிய துருப்பங்கசு எனக் கண்டார். அதன் வித்திகள் காற்றாலும் மழைத்துளியாலும் பரவி, இலைவாய்களினூடு உட்புகுந்து இலையின் சாரத்தை உறிஞ்சின, இலைகள் உதிர்ந்தன, மரங்கள் நலிந்தன. 1880ஆம் ஆண்டில் இங்கு வந்த மார்சல் உவாட்டு இப்பங்கசுவின் வாழ்க்கையை முற்றாக ஆராய்ந்து, இடையீடின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் இத்துணை விரைவிற் பரவ வழிவகுத்தது என எடுத்துரைத்தார். ஆயினும் கோப்பியைக் காக்க இயலவில்லை. தோட்டக்காரர் பலர் பொருளிழந்தனர். தென்னிந்தியாவினின்றும் வந்து உழைத்த தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். கோப்பி நின்ற மலைகளிற் பின்னர் தேயிலை எழுந்தது.

சருகைக் கரைத்து மண்ணை வளமாக்குவதும், கோப்பி இலையைத் தின்று ஒரு தொழிலை வீழ்த்தியதும் ஒரே தன்மையவான செயல்களே. பலவகை மரங்கள் கலந்து நிற்கும் காட்டில் ஒரு துருநோய் ஒரு மரத்தோடு அமையக்கூடும். ஒரே மரம் மலைதோறும் நிற்குமிடத்து அது தீப்போற் பரவும். இவ்வேற்றுமைக்குக் காரணர் நாமேயன்றிப் பங்கசுவன்று. தாவரவியலையும் கமத்தொழிலையும் கற்கும் மாணவர்கள் இதனை உளங்கொள்வாராக. பயிரைக் கலந்து நடுதலும், மாற்றி நடுதலும், குழையும் சருகும் எரியாது மண்ணுக்கே ஈதலும் பங்கசுக்களின் இயல்பறிந்து வாழும் வழிகளாம்.