மாலை 6 மணிக்கு முடிந்துவிடும் பயிற்சி

முதுநிலை நீட் எழுத விரும்புவோர் ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை எந்தத் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரு கெடு வைக்கப்படுகிறது. 2024-இல் அது ஆகஸ்ட் 15, 2025-இல் ஜூலை 31. கெடு நெருங்கினாலே பெற்றோரிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கும். இறுதியாண்டில் ஒரு பாடம் போனால் ஒரு வருடமே போய்விடுமா என்பதுதான் பெரும்பாலோர் கேட்பது. போய்விடக்கூடும். பயிற்சிக்காலம் 12 மாதம். தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகத்தான் முடியும்.

ஒரு தாய் மட்டும் வேறொன்று கேட்டிருந்தார். பரீட்சை முடிந்த கையோடு வார்டில் நிற்கப்போகும் மகளை அந்த வேலைக்கு யார் தயார்ப்படுத்தினார்கள் என்று. இந்தக் கட்டுரை அவருக்கான பதில்.

‘கற்கும் மருத்துவர்’ முறை அதைச் செய்துவிடும் என்கிறார்கள் அதிகாரிகள். 2019 பாடத்திட்டத்தோடு வந்தது இது. யூனிட்டின் அட்மிஷன் நாளில் சேரும் நோயாளிகளில் சிலரை மாணவருக்கு ஒதுக்குவார்கள். அவர்களை டிஸ்சார்ஜ் வரை அவர் பின்தொடர வேண்டும், ரவுண்ட்ஸில் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல யோசனை, சந்தேகமில்லை. ஆனால் அதே விதி, அட்மிஷன் நாளில் மாணவர் மாலை 6 மணி வரை யூனிட்டோடு இருந்தால் போதும் என்கிறது. அரசு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனின் கடினமான வேலை தொடங்குவதே அதற்குப் பிறகுதான். இரவு இரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, பி.பி. இறங்குகிறது என்கிறார். முதலில் என்ன செய்வது, எப்போது முதுநிலை மாணவரை எழுப்புவது, போனில் எதை முதலில் சொல்வது? இதைப் பகல் ரவுண்ட்ஸில் கற்க முடியாது. பிரசவ வார்டில் மாணவர்களை இரவு தங்கவைக்கும் கல்லூரிகள் உண்டு. மெடிசின், சர்ஜரி வார்டுகளிலும் அது வேண்டும்.

அடுத்தது, மாணவர் செய்து பழகும் திறன்களைப் பதியும் லாக்புக். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். ஊசி போடுவது, ரத்தம் எடுப்பது, டிரிப் ஏற்றி அதன் வேகத்தைக் கணக்கிடுவது என ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வரி உண்டு. எதிர்பார்ப்புக்குக் கீழா, ஏற்றபடியா, மேலா என்று ஆசிரியர் குறிக்க வேண்டும். பிறகு ‘முடிந்தது’, ‘திரும்பச் செய்’, ‘தனிப்பயிற்சி தேவை’ ஆகிய மூன்றில் ஒன்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். ‘உனக்கு இன்னும் வரவில்லை, மறுபடி செய்’ என்று பெயிலாக்காமலே சொல்ல இடம் தரும் நல்ல ஏற்பாடு இது.

அப்படி எழுதினால் அந்த மறுபயிற்சியை நடத்த வேண்டியவரும் அதே ஆசிரியர்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு 250 மாணவர்கள். ஓ.பி.யும் ஆபரேஷனும் பார்த்துக்கொண்டு எத்தனை பேருக்கு அவர் ‘திரும்பச் செய்’ என்று எழுதுவார்? தேர்வு நெருங்கும்போது பல பக்கங்கள் ஒரே உட்காரலில் கையெழுத்தாவதாக மாணவர்களே சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் மாணவர் திறன் பெற்றுவிட்டதாக அரசு நம்புகிறது. ரத்தம் எடுத்தது ஒரு முறையா இருபது முறையா, கூட யாராவது கைபிடித்து உதவினார்களா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் தெரியாது. தெரியாமல் போவதன் விலையைக் கொடுப்பவர் முதல் வாரத்து நோயாளி.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

நெக்ஸ்ட் என்னும் தேசிய வெளியேறும் தேர்வு உண்டா? 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் உண்டு. 2023 ஜூலையில் தள்ளிவைத்தார்கள்.

பயிற்சியில் விடுப்பு? முன் அனுமதியோடு 15 நாள். அதற்கு மேல் போனால் பயிற்சி நீளும், கெடு தவறலாம்.

கிராமப் பணி? சமூக மருத்துவத்துக்கு 12 வாரம்.

ஹவுஸ் சர்ஜன் இறப்புச் சான்றிதழில் கையெழுத்திடலாமா? கூடாது.

வெளிநாட்டில் படித்தவர்கள்? தகுதித்தேர்வில் தேறிய பிறகு இங்கும் 12 மாதப் பயிற்சி.

மீண்டும் அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். பிரிட்டனில் புதிய மருத்துவர்கள் பணியேற்கும் முன் சில நாள், அந்த வேலையை ஏற்கெனவே செய்பவருடன் கூடவே நின்று பார்க்கிறார்கள். இங்கே அதற்குப் புதுக் கட்டடமோ புது நிதியோ வேண்டாம். இறுதியாண்டு மாணவர்களை, பணி முடித்துப் போகவிருக்கும் ஹவுஸ் சர்ஜனுடன் மேற்பார்வையில் சில இரவுகள் டியூட்டிக்கு அனுப்பினால் போதும். தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை கல்லூரி முதல்வர்களாவது தாமாகவே தொடங்கலாம்.