நீரும் எலும்பும்

தருமபுரியிலிருந்து கிருட்டினகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது காரிமங்கலம். அங்குக் கூடும் வாரச் சந்தையில் மாடு வாங்க வரும் உழவர், விலை பேசுமுன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர். மாட்டின் வயதைப் பல் காட்டிவிடும். அவ்வட்டாரத்தில் குழந்தைகளின் பல்லையும் கூர்ந்து நோக்க வேண்டிய தேவை உண்டு. குழந்தை பருகி வளர்ந்த நீர் எத்தகையது என்பதையும், அதன் எலும்புக்கு வரக்கூடிய கேடு யாது என்பதையும் பல் முன்னரே அறிவிக்கும்.

தருமபுரி மாவட்டம் பெரிதும் பாறை நிலம். அங்குள்ள கருங்கற் பாறைகளில் புளோரைடு அடங்கிய கனிமங்கள் உள்ளன. ஆழத்தில் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீர், அவற்றைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. அந்நீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். நாவுக்கும் வேறுபாடு தோன்றாது. புளோரைடு சிறிதளவு இருப்பின் பல்லுக்கு நன்மையே. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. இவ்வரம்பைக் கடந்த கிணறுகள் இம்மாவட்டத்தில் பல.

புளோரைடால் விளையும் இந்நோய்க்குப் புளோரோசிஸ் என்று பெயர். இந்தியாவில் இதனை முதன்முதல் விளக்கியவர்கள், 1937ஆம் ஆண்டில் அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தை ஆராய்ந்த ஷார்ட் முதலிய மருத்துவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அப்பகுதி உழவர்கள், தங்கள் ஏர் மாடுகள் மூட்டு விறைத்து நடக்க இயலாது தவித்ததைக் கண்டனர் என்பர். மருத்துவர் அறியுமுன் உழவர் அறிந்தனர். ஆயினும் காரணம் கிணற்றில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்நோய் முதலில் பல்லில் வெளிப்படும். பல்லின் மேற்பூச்சு உருவாகும் பருவம் பிறந்தது முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை. அப்பருவத்தில் மிகுதியான புளோரைடு உடலிற் சேர்ந்தால், பின்னர் முளைக்கும் நிலைப்பற்களில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டுகள் தோன்றும். கேடு மிகுமாயின் மஞ்சளும் பழுப்புமான கோடுகள் படியும். எவ்வளவு துலக்கினும் அவை நீங்கா. பல் துலக்காத சோம்பேறி என்று அத்தகைய பிள்ளையைப் பிறர் எள்ளுவது பெரும் அறியாமை.

பல்லைக் கறைப்படுத்தும் அதே பொருள் எலும்பிலும் சேர்கிறது. எலும்பு மேலும் மேலும் செறிவடையும். ஆனால் வலிமை பெறாது. எலும்புகளைப் பிணைக்கும் நார்களிலும் சுண்ணம் படிய, மூட்டுகள் மடங்கும் தன்மையை இழக்கும். இந்நிலையைக் கண்டறிய மூன்று எளிய சோதனைகள் உள. முகவாய் மார்பைத் தொடுமாறு தலையைக் குனிதல் ஒன்று. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொடுதல் மற்றொன்று. இரு கைகளையும் பிடரியின் பின்னே கோத்தல் மூன்றாவது. இவற்றைச் செய்ய இயலாதவர்க்கு நோய் உண்டென்று உடனே முடிவு கட்டிவிடலாகாது; நீரையும் சிறுநீரையும் சோதித்து, முன்கையை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தே மருத்துவர் துணிவர்.

உணவில் சுண்ணச்சத்துக் குறைந்த பிள்ளைகளுக்குக் கேடு மிகுதி. முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டி, கணுக்கால்கள் விலகி நிற்கும் கால்வளைவு, புளோரைடு மிகுந்த ஊர்களில் வளரும் பிள்ளைகளிடம் காணப்படுவதை ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவன அறிஞர் 1973இல் எடுத்துரைத்தனர்.

கால் வளைந்த குழந்தை யாவும் புளோரோசிஸ் உற்றதன்று. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் கால் வில்போல் வெளிவளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் முட்டுவதும் இயல்பே. ஏழு வயதளவில் பெரும்பாலும் தாமே நேராகும். அதன் பின்னும் நேராகாமை, ஒரு கால் மட்டும் வளைதல், வளைவு நாளுக்கு நாள் மிகுதல் ஆகியவையே ஐயுறத்தக்கவை. வெயில் படாமையாலும் வைட்டமின் டி குறைவாலும் வரும் ரிக்கெட்ஸ் நோயும் காலை வளைக்கும். காய்ச்சலோடு ஒரு மூட்டு வீங்கி, குழந்தை காலை ஊன்ற மறுக்குமாயின் அது வேறு வகை. மூட்டினுள் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது எண்ணெய் தடவி நீவிக் காலங்கடத்துதல் தீது; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

விறைத்த எலும்பைப் பழைய நிலைக்கு மீட்கும் மருந்து இல்லை. வளைந்த காலை நிமிர்த்த வழியுண்டு. உடல் வளர்ந்துகொண்டிருக்கும் பருவமாயின், முழங்காலருகே எலும்பு வளரும் இடத்தின் உட்புறத்தில் சிறு உலோகத் தகட்டைப் பொருத்துவர். அப்புறம் வளர்ச்சி தடைப்பட, மறுபுறம் வளர்ந்து முட்டும் கால் மெல்ல நேராகும். வளர்ச்சி முடிந்தபின் எலும்பையே வெட்டி நிமிர்த்த நேரும். இதனாலேயே குழந்தைப் பருவத்தில் கண்டுகொள்வது இத்துணை முதன்மை பெறுகிறது.

ஆயினும் நீரை மாற்றாமல் செய்யும் மருத்துவம் பயன் தருவதன்று. காய்ச்சினால் நீர் தூயதாகும் என்பது பலர் எண்ணம். கிருமிகள் மாளும் என்பது மெய்யே. புளோரைடோ ஆவியாகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் அளவறிந்து கலந்து, கலக்கித் தெளியவைத்து இறுப்பது ஒரு வழி. நல்கொண்டா முறை என்பது அதன் பெயர். மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு. பாலும் கீரையும் உடலுக்குச் சுண்ணச்சத்தைத் தரும். தருமபுரி நிலத்தில் விளையும் கேழ்வரகில் நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து உண்டு. அரிசிச் சோற்றை நாடிக் களியைக் கைவிட்ட வீடுகள் இதனை அறிதல் நலம்.

காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களுக்குக் குழாய்வழிக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேறி 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரே மீண்டும் குடத்தில் ஏறுமாயின், அக்குடத்து நீர் சமைக்கவும் பருகவும் அன்றி, துவைக்கவும் துலக்கவும் பயன்படுதல் வேண்டும். இத்திட்டம் தொடங்கியபின் பிறந்த குழந்தைகளுக்கு ஆறேழு வயதில் பாற்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். அவ்வீட்டுக் குடத்தில் இருந்தது ஆற்று நீரா, பாறை நீரா என்பதை அம்முன்பற்களே காட்டும்.