ஒரு கிலோ கேக், ஒரு நாள் சாப்பாடு

டிசம்பர் பிறந்தவுடனேயே எங்கள் சமூகப்பணிப் பிரிவின் மேசைக்கு ஆண்டுதோறும் ஒரு கேள்வி வந்துவிடுகிறது: "வீட்டில் கேக் செய்து விற்று, அந்தப் பணத்தை ஏழை நோயாளர் நிதிக்குக் கொடுக்கலாமா?" கேட்பவர்களுள் பலர் முன்பு இங்கே உள்நோயாளிகளாக இருந்து நலம் பெற்றுச் சென்றவர்கள். சிலர் இன்றும் கட்டிலருகே அமர்ந்து உறவினரைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள். கொடுக்கலாம், மனமார ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அந்த உழைப்பு முழுமையாக நிதியைச் சென்றடைய வேண்டுமானால், அடுப்பைப் பற்றவைக்கும் முன்னரே தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த நிதி எதற்குப் பயன்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு அது பெருந்துணை. ஆயினும் உடனிருப்பவர் மூன்று வேளை உண்ண வேண்டும். அவருடைய நாட்கூலி நின்றுபோகிறது. இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் இருமுறை வருபவரும் துணைக்கு வருபவரும் பேருந்தில் போய்வர ஒரு முறைக்கு 160 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு எட்டு முறையென்றால் 1,280 ரூபாய். பேருந்துக்குப் பணமில்லாமல் ஒரு முறை வராமல் இருந்துவிட்டால் உடலில் நீர் தேங்குகிறது, மூச்சுத் திணறுகிறது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாகிறது. இத்தகைய சிறிய, ஆனால் தவிர்க்க இயலாத செலவுகளுக்கே அந்த நிதி.

இனி கேக்குக்கு வருவோம். ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும் பிளம் கேக்குக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 150 கிராம், முட்டை 4, சர்க்கரை 300 கிராம், உலர்பழமும் பருப்பும் சேர்த்து 200 கிராம் ஆகியவை போதும். சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை வாணலியில் கருஞ்சிவப்பாகக் காய்ச்சி, அரைக் கோப்பை வெந்நீர் ஊற்றிக் கரைத்துக்கொண்டால் கேக்குக்குரிய நிறமும் இலேசான கசப்பும் அதிலேயே வந்துவிடும். வெந்நீர் ஊற்றும்போது பாகு பொங்கித் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். எங்கள் தீக்காயப் பிரிவின் வேண்டுகோள் இது.

விலை ஊருக்கு ஊர் மாறும். ஏறத்தாழச் சொன்னால் வெண்ணெய்க்கு 85, பழமும் பருப்புமாக 75, முட்டைக்கு 28, சர்க்கரைக்கு 14, மைதாவுக்கு 10, மசாலாவுக்கும் பேக்கிங் பவுடருக்கும் 10, எரிவாயுவுக்கு 15, தாளுக்கும் பெட்டிக்கும் 20. ஆக மொத்தம் 257 ரூபாய். 260 என்றே எழுதிக்கொள்ளலாம். இதை 50 கிராம் துண்டுகளாக 20 துண்டு போட்டு, துண்டு 25 ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய் கிடைக்கும். நிதிக்குச் சேர்வது 240. உடனிருக்கும் ஒருவர் ஒரு நாள் மூன்று வேளை உண்ண அது போதும். மேலே சொன்ன பேருந்துக் கட்டணத்துக்கு ஆறு கேக் வேண்டும்.

இதே கேக்கைப் பாதாம், அத்திப்பழம், வெளிநாட்டுச் செர்ரி, ரம் என்று செய்தால் அடக்கவிலை எளிதில் 450ஐத் தாண்டும். மாலை முழுதும் அடுப்படியில் நின்றும் நிதிக்குச் சேர்வது ஐம்பதை எட்டாது. பொருளை நன்கொடையாகவே தந்துவிடுவோரும் உண்டு; அவர்களுக்கு எங்கள் நன்றி. எனினும் அவர்களும் அடக்கவிலையைக் குறித்துத் தருவதே நல்லது. அடுத்த ஆண்டு அதே கேக்கைச் செய்ய விரும்பும் இன்னொருவருக்கு அந்த வசதி இராமற்போகலாம் அல்லவா?

சிக்கனமாகச் செய்தால் கிறிஸ்துமஸ் கேக் ஆகாது என்று தயங்குவோருக்குத் தலைச்சேரிக் கதை ஆறுதல் தரும். 1883இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட உரிமையாளர் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி, அதைப்போல் செய்துதரும்படி மாம்பள்ளி பாபுவைக் கேட்டதாகச் சொல்வார்கள். பிராந்திக்கு மாற்றாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்துப் புளிக்கவைத்த சாற்றை ஊற்றியே பாபு அந்தக் கேக்கைச் செய்தாராம். அலகாபாத்தின் கிறிஸ்துமஸ் கேக்கில் வெண்பூசணி மிட்டாயும் நெய்யும் சோம்பும் சேரும். வீட்டார் பொருள்களை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குச் சென்று அங்கேயே கலந்து சுட்டு வருவார்கள். இலங்கையிலும் மைதாவுக்கு மாற்றாக ரவையும், பாகில் வெந்த பூசணியும், முந்திரியும் போட்டுச் செய்து, சிறு சிறு துண்டுகளாகத் தாளில் சுற்றி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பார்கள். கையருகே கிடைப்பதைக் கொண்டு செய்த கேக்குகள்தாம் இவையனைத்தும்.

நம் கையருகே என்ன கிடைக்கிறது? ஆரஞ்சுத் தோலை எறியாதீர்கள். மூன்று முறை நீர் மாற்றி வேகவைத்தால் கசப்புப் போகும். பிறகு சம அளவு சர்க்கரையில் கிளறி உலர்த்திக்கொள்ளலாம். கடையில் வாங்கும் டூட்டி ஃபுரூட்டியும் பப்பாளிக்காய்தான். காயைச் சிறு சதுரங்களாக நறுக்கி, கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவிட்டு, பாகில் ஊறவைத்தால் வீட்டிலேயே ஆயிற்று. முந்திரியில் முழுப்பருப்பு வேண்டா. உடைந்த பருப்பு விலை குறைவு, கேக்குக்குள் போனபின் வேறுபாடு தெரியாது. வெண்ணெயில் பாதியைக் குறைத்துச் சமையல் எண்ணெய் ஊற்றினால் ஒரு கேக்குக்கு ஏறத்தாழ 30 ரூபாய் மிச்சம். கேக்கும் நாள்பட மென்மையாக இருக்கும். வனஸ்பதி இன்னும் மலிவு என்பதை அறிவோம். ஆனால் இதயநோய்ப் பிரிவின் வாசலில் வனஸ்பதி கேக் விற்பது நமக்கு அழகன்று.

ஓவன் இல்லாதவர்கள் குக்கரின் அடியில் இரண்டு விரற்கடை அளவு மணலோ கல்லுப்போ பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, இரப்பர் வளையத்தையும் குண்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடாக்கிய பின் கேக் பாத்திரத்தை இறக்கலாம். சிறுதீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வர வேண்டும். இந்த நேரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். நடுவே வேகாத முட்டைக் கேக் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குக் கேடு. முற்றிலும் ஆறுமுன் பொதிந்தாலும் உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். பொதிவதற்குச் செய்தித்தாள் கூடாது. அதன் மை உணவில் ஒட்டும். பட்டர் பேப்பரே வேண்டும்.

மருத்துவமனை என்பதால் இன்னும் சில வரையறைகள் உள்ளன. பழங்களை ரம்மில் ஊறவைக்க வேண்டா. சுடும்போது மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை சரியன்று. கல்லீரல் நோயாளிகளும், குடியை விட்டு மீண்டுகொண்டிருப்போரும், சில மாத்திரைகளை உண்போரும் இங்கே இருக்கிறார்கள். ஆரஞ்சுச் சாறோ கடுந்தேநீரோ போதும். அதனால் செலவும் குறைகிறது. பச்சை முட்டை வெள்ளைக்கருவால் செய்யும் ஐசிங்கும் கிரீமும் வேண்டா. ஒவ்வொரு பொதியிலும் செய்த நாள், முட்டை, பால், மைதா, பருப்பு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய் அதைப் படித்துத்தான் முடிவு செய்வார். விற்பனைக்கு உணவு செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதால், அந்த விவரத்தையும் முன்கூட்டியே உங்கள் பகுதி அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் உண்ணலாம்? இந்த அளவில் செய்த 50 கிராம் துண்டு ஒன்றில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரையும் மாவுச்சத்தும் இருக்கும். மாவுச்சத்துக் கணக்கில் அது இரண்டு மூன்று இட்லிக்கு ஈடு. நீரிழிவு உள்ளவர்கள் பண்டிகை நாளில் உண்ண விரும்பினால் பாதித் துண்டு எடுத்துக்கொண்டு, அந்த வேளை உணவில் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாமா என்று உணவியல் நிபுணரைக் கேட்கட்டும். சிறுநீரக நோயாளிகளுக்கு இது சற்றுக் கடுமையான செய்தி: பேரீச்சை, உலர்திராட்சை, பருப்பு ஆகிய மூன்றிலும் பொட்டாசியம் மிகுதி. யாருடைய பேருந்துக் கட்டணத்துக்காக இந்தக் கேக் விற்கப்படுகிறதோ, பெரும்பாலும் அவரே இதை உண்ண இயலாது. பழமும் பருப்பும் சேராத எளிய கேக்கில் ஒரு சிறு துண்டு தரலாமா என்பதை அவருடைய மருத்துவரே சொல்ல வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் காத்திருக்கும் சிறுவர்களுக்கும் அன்பின் மிகுதியால் யாரும் ஊட்டிவிடக் கூடாது.

விற்கும் இடத்தைப் பற்றியும் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. தட்டை ஏந்திக்கொண்டு வார்டுக்குள் செல்ல வேண்டா. கட்டிலில் இருப்பவரால் "வேண்டாம்" என்று சொல்வது கடினம். மருந்துக்கு எண்ணி வைத்த காசிலிருந்து 25 ரூபாயை எடுத்து நீட்டிவிடுவார். பக்கத்துக் கட்டிலார் வாங்கும்போது தாம் வாங்காமலிருக்கக் கூசுவார். நிதி அவருக்காக, அவரிடமிருந்து அன்று. நுழைவாயிலருகே ஒரு மேசை, பார்வையாளர்களும் பணியாளர்களும் கடந்து செல்லும் இடம், அதுவே போதும். உங்கள் தெரு, அலுவலகம், தேவாலயம் ஆகியவற்றில் முன்பதிவு பெற்று, பதிவான அளவு மட்டும் சுடுவது அதனினும் நன்று. மீந்து வீணாவது இராது.

நாட்கணக்காக வார்டில் இருக்கும் சிலர் தாங்களும் ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். தொற்று காரணமாக உணவுப்பொருளைத் தொட அனுமதிக்க இயலவில்லை. ஆனால் பெட்டியின்மேல் ஒட்டும் சீட்டுகளை எழுதலாம், வாழ்த்து அட்டைகளில் நட்சத்திரம் வரையலாம், முன்பதிவுக் கணக்கைக் கூட்டித் தரலாம். கையெழுத்து அழகாக உள்ளவர்களைச் செவிலியர்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

விற்ற பணத்தைச் சமூகப்பணிப் பிரிவில் செலுத்தி இரசீது பெற்றுக்கொள்ளுங்கள். எத்தனை கேக், அடக்கவிலை எவ்வளவு, சேர்ந்தது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், கூட்டுத்தொகையும் அது எந்தெந்தச் செலவுக்குச் சென்றது என்பதும் பொங்கல் இதழில் வெளியாகும்.