குளத்தில் இல்லாத தாமரை

எங்கள் தெருக்கோடியில் உள்ள குளத்தைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரை எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று, எட்டாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், சென்ற மாதம் ஒரு மாலையில் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. செந்தாமரைகள் இதழ் விரிப்பதும், வெண்ணாரைகள் ஒற்றைக் காலில் தவம் இருப்பதும், அந்திச் சூரியன் நீரில் பொன்னை உருக்கி வார்ப்பதும் முறைப்படி அதில் இடம் பெற்றிருந்தன. எங்கள் குளத்திலோ, நான் அறிய முப்பது வருஷ காலமாகத் தாமரை கிடையாது. ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, கீழண்டைப் படித்துறை பாதி இடிந்து கிடக்கிறது, நாரைக்குப் பதிலாக எருமைகள் நிற்கின்றன.

“இதையெல்லாம் எங்கே பார்த்தாய் அம்மா?” என்று கேட்டேன்.

“சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தது மாமா. நான் பார்த்து எழுதினேன்” என்றாள், ஒளிவு மறைவில்லாமல்.

நோட்டை மூடி வைத்துக்கொண்டு, முதல் வாக்கியம் என்ன, சொல் பார்க்கலாம் என்றேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நானும் அந்த வயதில் கடைத்தெருவில் விற்ற நோட்ஸைப் பார்த்து எழுதினவன்தான். ஆனால் அந்த நோட்ஸ் வகுப்பு முழுவதற்கும் ஒன்றாகவே இருந்தபடியால், வாத்தியார் இரண்டாவது வரியிலேயே திருட்டைக் கண்டுபிடித்துவிடுவார். இப்போது வந்திருக்கும் யந்திரமோ, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, அவரவருக்கென்றே யோசித்துச் சொல்வதுபோலச் சொல்லுகிறது. அதனால்தான் அதை நம்புவதும் சுலபமாக இருக்கிறது.

இந்தச் சாதனத்தின் துணையால் மனிதனுடைய சிந்தனாசக்தி விருத்தியாகிறதா, தேய்கிறதா என்ற கேள்வியைப் பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சிகளுள், விஷயத்தை மிகவும் தெளிவாகக் காட்டுவது, துருக்கி தேசத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்த ஒரு சோதனை என்பது என் அபிப்பிராயம். 9, 10, 11 ஆகிய வகுப்புகளைச் சேர்ந்த ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மூன்று பிரிவாக்கினார்கள். ஆசிரியர் கணிதப் பாடத்தை எல்லாருக்கும் ஒரே விதமாக நடத்துவார். பின்பு கணக்குகளைப் போட்டுப் பழகும் வேளையில், முதற் பிரிவினருக்குப் பாடப் புத்தகமும் சொந்தக் குறிப்புகளுமே துணை. இரண்டாம் பிரிவினர் ஜிபிடி-4 என்ற யந்திரத்தை எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். மூன்றாம் பிரிவினரிடம் கொடுக்கப்பட்டதும் அதே யந்திரம்தான் என்றாலும், அது விடையை நேரே சொல்லிவிடாமல், ஆசிரியர்கள் முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்த குறிப்புகளைக் கொண்டு, பிள்ளை தடுமாறும் இடத்தில் வழியை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு புத்தகத்தையும் யந்திரத்தையும் அப்பால் வைத்துவிட்டு, எல்லாருக்கும் ஒரு பரீட்சை.

பழகும் வேளையில், இரண்டாம் பிரிவினர் புத்தகக்காரர்களைவிட 48 சதவீதமும், மூன்றாம் பிரிவினர் 127 சதவீதமும் அதிகமாகச் சாதித்துக் காட்டினார்கள். இந்த அளவில் சோதனையை நிறுத்தியிருந்தால், கல்வியில் ஒரு புதிய யுகம் பிறந்துவிட்டது என்று எல்லாரும் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். ஆனால் பரீட்சையில், யந்திரத்தைக் கேட்டுக் கேட்டுப் போட்ட இரண்டாம் பிரிவினர், அதைக் கண்ணாலும் காணாத முதற் பிரிவினரைவிட 17 சதவீதம் பின்தங்கிப் போனார்கள்; மூன்றாம் பிரிவினர், முன்பு எவ்வளவோ உயரத்தில் பறந்தவர்கள், இப்போது புத்தகக்காரர்களோடு ஏறத்தாழச் சமமாக வந்து நின்றார்கள். இதைவிட என் மனத்தை உறுத்திய செய்தி ஒன்று உண்டு: பின்தங்கிப்போன அந்தப் பிள்ளைகள், தாங்கள் குறைவாகக் கற்றதாக உணரவே இல்லை. இரவல் நகை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவளுக்கு, மறுநாள் அதைக் கழற்றித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஞாபகமாவது இருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு, இந்த யந்திரங்கள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மனோதத்துவ சாஸ்திரிகள் ஒரு காரணம் கண்டு வைத்திருக்கிறார்கள். 1978-இல் ஸ்லமெக்கா, கிராஃப் என்ற இருவர், சிலருக்குச் சொற்களை இரண்டிரண்டாக முழுமையாகவே எழுதிக் காட்டினார்கள். வேறு சிலருக்கு ஒரு சொல்லையும், அதற்கு எதிர்ச்சொல்லின் முதல் எழுத்தையும் மட்டும் கொடுத்து, மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்றார்கள். நிரப்பினவர்களுடைய நினைவிலேதான் அந்தச் சொற்கள் அதிகமாகத் தங்கின. அற்பப் பிரயத்தனந்தான், ஆனாலும் அந்தப் பிரயத்தனமே சொல்லை மனத்தில் பதிக்கும் ஆணி. லண்டன் மாநகரின் டாக்ஸி ஓட்டிகள், உரிமம் பெறுவதற்காகச் சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் அடங்கிய ஏறக்குறைய 25,000 வீதிகளை மூன்று நான்கு வருஷம் அலைந்து மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பயிற்சியை முடித்துத் தேறினவர்களுடைய மூளையில், இடங்களின் ஞாபகத்துக்கு உரிய ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்ததையும், தேறாதவர்களிடம் அந்த வளர்ச்சி இல்லாததையும் எலினார் மக்வைர் என்ற அம்மையாரும் அவருடைய சகாவும் 2011-இல் காட்டினார்கள். உழைத்த இடத்தில்தான் சதை வைக்கிறது.

கற்பனையின் கதை சற்று வேறு. 2024-இல் அனில் தோஷி, ஆலிவர் ஹவுசர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஏறக்குறைய 300 பேரை எட்டே வாக்கியங்களில் ஒரு சிறுகதை எழுதச் சொல்லி, அவர்களுள் சிலருக்கு மட்டும் யந்திரத்திடம் யோசனை கேட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். யோசனை பெற்றவர்களுடைய கதைகளை, ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தவர்கள், மேலானவை என்றே மதிப்பிட்டார்கள். அதிலும் இயல்பாகக் கற்பனை குறைந்தவர்களுக்கே லாபம் அதிகம். ஆனால் கதைகளை எல்லாம் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, அவை ஒன்றுக்கொன்று ஜாடை ஒத்திருந்தன. இதில் வியப்பில்லை. இதுவரை மனிதர் எழுதிக் குவித்தவற்றுள் ஏராளமானதை வாசித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது பெருவழக்கு என்பதைக் கணித்துத் தொடுப்பதே அந்த யந்திரத்தின் ஸ்வபாவம். குளம் என்றவுடன் தாமரை என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள், ஆதலால் எங்கள் குளத்திலும் அது தாமரையை நட்டுவிட்டது. எருமையை அது எங்கே கண்டது?

நானும் இந்தச் சாதனத்தைத் தீண்டாத ஆசாரசீலன் அல்லேன். யாரும் மனம் ஊன்றிப் படிக்கப் போவதில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் அலுவலக விண்ணப்பத்தைப் போன வாரம் அதைக் கொண்டுதான் எழுதினேன். அதில் என் சிந்தனைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. என் ஆட்சேபம் எல்லாம் முறை மாறுவதைப் பற்றியதே. ஒருவன் தானாக நினைத்து, தப்பாகவேனும் ஒரு வரைவு எழுதிக்கொண்டு, பிறகு யந்திரத்தோடு வாதாடினால், வாதாடுவதற்கு அவனிடம் ஒரு பொருள் இருக்கிறது. வெறுங்கையோடு போகிறவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. நோட்டையும் பேனாவையும் கொடுத்து, கைப்பேசியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். அரை மணி நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி எழுதினாள், அடித்தாள். இன்னொன்று எழுதினாள், அதையும் அடித்தாள்.

பிறகு தலையை நிமிர்த்தி, “மாமா, அந்தக் கீழண்டைப் படித்துறையில் மொத்தம் எத்தனை படி?” என்று கேட்டாள்.

நாற்பது வருஷமாக அந்த வழியே போய் வருகிற எனக்குத் தெரியவில்லை. இருவரும் எழுந்து போய்ப் பார்த்தோம். இடிந்தது போக ஏழு படிகள் வெளியே தெரிந்தன. தண்ணீருக்குள் எத்தனை என்று சொல்ல முடியவில்லை. மீதியை வைகாசியில் தண்ணீர் வற்றும்போது எண்ணிக்கொள்ள வேண்டும் என்று, கரையில் நின்றபடியே, அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.